ஓட்டுச் சீட்டும் ஒரு டம்ளர் தண்ணீரும்

குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. தாய் அதை டம்ளரில் பிடித்துக் குழந்தைக்குக் கொடுக்கிறாள். அந்தத் தண்ணீரில் விஷம் இருக்குமோ என்று அவள் சந்தேகப்படுவதில்லை. யாரோ ஒருவர் அதைச் சோதித்துப் பார்த்திருப்பார் என்று நம்புகிறாள்.

அந்த "யாரோ ஒருவர்" யார்? அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? அவர் வேலையை ஒழுங்காகச் செய்கிறாரா என்று மேற்பார்வை பார்ப்பது யார்?

கனடா தேசத்தில் ஒரு சிறிய ஊர் இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்ள மிகப் பெரிய விலை கொடுத்தது. அந்த ஊரின் பெயர் வாக்கர்ட்டன். ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது. சுமார் 5 ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர். சுற்றிலும் வயல்களும் மாட்டுப் பண்ணைகளும் உண்டு.

தேர்தல் என்றால் கொடி, கோஷம், கூட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. வாக்கர்ட்டனின் கதையைத் தெரிந்துகொண்டவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். ஓட்டுச் சீட்டுக்கும் ஒரு டம்ளர் தண்ணீருக்கும் உள்ள உறவு அவர்களுக்குப் புரியும்.

ஏழு உயிர்கள்

2000-ம் ஆண்டு மே மாதம். வாக்கர்ட்டனில் பலத்த மழை பெய்தது.

ஊருக்குக் குடிநீர் கொடுத்து வந்த கிணறுகளில் ஒன்று ஆழம் குறைந்தது. அதன் அருகே இருந்த பண்ணையில் நிலத்துக்கு மாட்டு எரு போட்டிருந்தார்கள். மழைநீர் அந்த எருவைக் கரைத்துக்கொண்டு பூமிக்குள் இறங்கியது. கிணற்றிலும் கலந்தது. எருவோடு ஈ-கோலை என்னும் கொடிய கிருமியும் சேர்ந்து வந்தது. பண்ணைக்காரர் மேல் குற்றமில்லை. அவர் முறைப்படிதான் விவசாயம் செய்தார் என்று பின்னால் நடந்த விசாரணை கூறியது.

கிணற்று நீரில் போதுமான அளவு குளோரின் மருந்து கலந்திருந்தால் கிருமி செத்திருக்கும். ஆனால், குடிநீர் நிலையப் பொறுப்பாளர்கள் மருந்தைக் குறைவாகவே கலந்து வந்தார்கள். கணக்குப் புத்தகத்தில் மட்டும் சரியாகக் கலந்ததாக எழுதி வைத்தார்கள்.

தண்ணீர் கெட்டுவிட்டது என்று சோதனைச் சாலையிலிருந்து செய்தி வந்தது. அதையும் அவர்கள் வெளியே சொல்லவில்லை. "தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சுகாதார அதிகாரிகளிடம் சாதித்தார்கள்.

குழந்தைகளுக்கு ரத்தபேதி கண்டது. முதியவர்கள் படுக்கையில் விழுந்தார்கள். ஆஸ்பத்திரியில் கூட்டம் நிறைந்தது. மே 21-ந் தேதி வட்டாரச் சுகாதார அதிகாரி தாமாகவே முடிவு செய்து, "தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்று அறிவித்தார். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது.

2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். 7 பேர் இறந்தார்கள். பிழைத்த குழந்தைகளில் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது.

தண்ணீர் குடித்ததுதான் அவர்கள் செய்த தவறு!

நீதிபதி கண்ட உண்மை

ஒன்டாரியோ அரசாங்கம் விசாரணைக் கமிஷன் அமைத்தது. நீதிபதி டென்னிஸ் ஓகானர் விசாரித்தார். மாகாணத்தின் முதல்-மந்திரியாக இருந்த மைக் ஹாரிஸ் 2001-ம் ஆண்டில் கமிஷன் முன்பு சாட்சி சொன்னார். 2002-ல் கமிஷனின் அறிக்கைகள் வெளிவந்தன.

குடிநீர் நிலையப் பொறுப்பாளர்களின் குற்றத்தை நீதிபதி சொன்னார். ஆனால் அதோடு நிற்கவில்லை. கை எங்கே நீள வேண்டுமோ அங்கேயும் நீண்டது.

ஒன்டாரியோவில் 1995-ம் ஆண்டு தேர்தல் நடந்தது. "வரியைக் குறைப்போம், அரசாங்கச் செலவைக் குறைப்போம்" என்று வாக்குறுதி கொடுத்த கட்சி வெற்றி பெற்றது. சொன்னபடியே செலவைக் குறைத்தது. குறைந்த செலவுகளில் ஒன்று சுற்றுச்சூழல் இலாகாவின் செலவு. அந்த இலாகாவில் 750 பேருக்கு மேல் வேலையிழந்தார்கள். அதனால் கண்காணிப்புக் குறைந்தது.

அதுவரை ஊர்களின் குடிநீரை அரசாங்கச் சோதனைச் சாலைகள் பரிசோதித்து வந்தன. 1996-ல் அந்த வேலை நின்றது. தனியார் சோதனைச் சாலைகளுக்குப் போயிற்று. தண்ணீரில் கிருமி கண்டால் சுகாதார அதிகாரிக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று தனியாரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அப்போது இல்லை. வாக்கர்ட்டனில் கிருமியைக் கண்ட சோதனைச் சாலை, குடிநீர் நிலையத்துக்கு மட்டும்தான் தகவல் சொன்னது. தகவல் அங்கேயே புதைந்துவிட்டது.

வரி குறைய வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமல்ல. குடும்பம் நடத்தும் யாருக்கும் அந்த ஆசை இருக்கும். ஆனால் "எந்தச் செலவைக் குறைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்பது குடும்பத் தலைவியின் புத்தி. வீட்டுச் செலவைக் குறைக்கிறேன் என்று கிணற்றுக் கட்டையை விற்பவள் உண்டா?

வாக்கர்ட்டனுக்குப் பிறகு சட்டங்கள் வந்தன. 2002-ம் ஆண்டில் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. குடிநீர் நிலையத்தை நடத்துபவர்கள் பயிற்சியும் உரிமமும் பெற வேண்டும். சோதனைச் சாலை கிருமியைக் கண்டால் மறைக்க முடியாது. 2006-ல் இன்னொரு சட்டம் வந்தது. தண்ணீரைக் குழாயில் மட்டுமல்ல, அது பிறக்கும் இடத்திலேயே காக்க வேண்டும் என்று அது சொன்னது.

7 பேர் போன பிறகு வந்த ஞானம் அது.

மாகாணத்தின் கையில் என்ன இருக்கிறது?

கனடாவில் 10 மாகாணங்கள் இருக்கின்றன. தலைநகர் ஒட்டாவாவில் மத்திய அரசாங்கம் இருக்கிறது. "உலகம் சூடாகிறது, காடு எரிகிறது என்பதெல்லாம் பெரிய விஷயம். அதை மத்திய அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். மாகாணத் தேர்தலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் வாக்காளர்கள் அங்கே உண்டு.

சம்பந்தம் நிறைய உண்டு. 1867-ம் ஆண்டு அரசியல் சட்டம் அதிகாரங்களைப் பங்கு போட்டுக் கொடுத்தது. அரசாங்க நிலமும் காடும் சுரங்கமும் மாகாணத்தின் கையில் இருக்கின்றன. மின்சாரம், ஆஸ்பத்திரி, ஊராட்சி, நகராட்சி எல்லாம் மாகாணத்தின் பொறுப்பு. ஒரு வயலில் நெடுஞ்சாலை போடலாமா, ஆற்றங்கரையில் வீடு கட்டலாமா, விளக்கு எரிய எதை எரிக்கலாம் என்பதையெல்லாம் பெரும்பாலும் மாகாணமே தீர்மானிக்கிறது.

ஒன்டாரியோ சட்டசபையில் 124 இடங்கள். அந்த 124 பேரைத் தேர்ந்தெடுப்பவர்கள் தங்கள் தண்ணீரையும் காற்றையும் மண்ணையும் அவர்கள் கையில் ஒப்படைக்கிறார்கள்.

வாக்குறுதி மறக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதை வாக்கர்ட்டன் காட்டவில்லை. வாக்குறுதி நிறைவேறும்போது அதில் ஒளிந்திருப்பது வெளியே வரும் என்பதைத்தான் காட்டியது. நல்ல வாக்குறுதி நிறைவேறினால் என்ன நடக்கும்? அதற்கும் ஒன்டாரியோவிலேயே சாட்சி உண்டு.

நான்கு சகோதரிகள் சாய்ந்த கதை

டொரண்டோ நகருக்கு அருகே மிசிசாகா இருக்கிறது. அங்கே ஏரிக்கரையில் ஓர் அனல் மின்சார நிலையம் இருந்தது. அதன் நான்கு புகைப்போக்கிகளும் வெகு தூரத்துக்குத் தெரியும். ஜனங்கள் அவற்றை "நான்கு சகோதரிகள்" என்று அழைத்தார்கள்.

பெயர் என்னவோ அழகு. அவற்றிலிருந்து வந்ததோ நிலக்கரிப் புகை!

2003-ம் ஆண்டில் ஒன்டாரியோவின் மின்சாரத்தில் சுமார் கால் பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. ஐந்து நிலக்கரி நிலையங்கள் இருந்தன. ஈரி ஏரிக்கரையில் இருந்த நான்டிகோக் நிலையம் வட அமெரிக்காவிலேயே மிகப் பெரிய நிலக்கரி நிலையம்.

கோடைக்காலம் வந்தால் நகரங்களின் மேல் புகைப்படலம் போர்வை போல் கவியும். ஆஸ்துமா உள்ள குழந்தைகள் மூச்சுத் திணறுவார்கள். முதியவர்களை வெளியே வர வேண்டாம் என்று எச்சரிப்பார்கள். 2005-ம் ஆண்டில் மட்டும் 53 நாட்கள் இப்படி எச்சரிக்கை நாட்களாகக் கழிந்தன.

2003-ம் ஆண்டுத் தேர்தலில் இது ஓட்டுக்கான விஷயம் ஆயிற்று. டாக்டர்களும் பொதுமக்களும் வருஷக்கணக்கில் எழுப்பிய குரல் கட்சிகளின் காதில் விழுந்தது. நிலக்கரியை நிறுத்துவதா வேண்டாமா என்பதில் பெரிய கட்சிகளுக்குள் சண்டை இல்லை. எந்த ஆண்டுக்குள் நிறுத்துவது என்பதில்தான் போட்டி! 2007-க்குள் நிறுத்துவதாகச் சொன்ன டால்டன் மெக்கின்டி முதல்-மந்திரி ஆனார்.

2007 வந்தது, நிலக்கரி போகவில்லை. கெடு தள்ளிப் போயிற்று. ஆனால் வேலை நிற்கவில்லை. மிசிசாகா நிலையம் 2005-ல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு நான்கு சகோதரிகளையும் வெடி வைத்துச் சாய்த்தார்கள். நான்டிகோக் நிலையம் 2013-ல் நிலக்கரி எரிப்பதை நிறுத்தியது. தண்டர் பே என்ற ஊரில் இருந்த கடைசி நிலையமும் 2014 ஏப்ரலில் நிலக்கரியைக் கைவிட்டது.

அந்த 2014-ம் ஆண்டில் புகைமூட்ட எச்சரிக்கை நாள் ஒன்றுகூட இல்லை. 53 எங்கே! பூஜ்யம் எங்கே! அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த புகை குறைந்ததும் ஒரு காரணம்தான். ஆனாலும் தன் வீட்டு அடுப்பை அணைத்த பெருமை ஒன்டாரியோவுக்கு உண்டு.

கெடு தவறியது குறைதான். ஆனாலும் காரியம் முடிந்தது. ஏன் முடிந்தது? தேதி போட்டுக் கொடுத்த வாக்குறுதி அது. தேதி இருந்ததால் எதிர்க்கட்சி கேட்டது, பத்திரிகை கேட்டது, ஜனங்கள் கேட்டார்கள். "சுற்றுச்சூழலைக் காப்போம்" என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் யார் எதைக் கேட்டிருக்க முடியும்?

பில் வந்தபோது வந்த கோபம்

இதில் மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நியாயமல்ல.

நிலக்கரியின் இடத்தை அணுசக்தியும் இயற்கை எரிவாயுவும் நீரும் காற்றாலையும் நிரப்பின. பழைய நிலையங்களைப் புதுப்பிக்கவும் புதிய நிலையங்களைக் கட்டவும் பணம் செலவாயிற்று. காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் நீண்டகால ஒப்பந்தங்களில் அதிக விலை கொடுத்தார்கள். வீடுகளுக்கு வந்த மின்சார பில் ஏறியது. கிராமத்து வீடுகளில் அது தாங்க முடியாத சுமை ஆயிற்று. அங்கே குளிர்காலம் கொடியது. மின்சாரத்தால் வீட்டைச் சூடாக்குபவர்கள் பில்லைக் கண்டு நடுங்கினார்கள்.

2018-ம் ஆண்டுத் தேர்தலில் அந்தக் கோபமும் சேர்ந்து வெடித்தது. 15 ஆண்டுகள் ஆண்ட கட்சிக்கு 7 இடங்களே கிடைத்தன.

நல்ல காரியம் என்றாலும் அதன் செலவை ஏழை தலையில் கட்டினால் நிலைக்காது. காற்று சுத்தமாக வேண்டும் என்று சொல்லும் வேட்பாளரிடம், "செலவை யார் தாங்குவது?" என்று கேட்பதும் வாக்காளரின் கடமைதான். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்லாத கட்சி, செய்த நல்லதையும் கெடுத்துக்கொள்ளும்.

ஆறு கற்பித்த பாடம்

அடுத்தது மண்.

1954-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி இரவு, "ஹேசல்" என்ற புயல் டொரண்டோவைத் தாக்கியது. ஹம்பர் ஆறு பொங்கியது. கரையோரத் தெரு ஒன்று வீடுகளோடு அடித்துக்கொண்டு போயிற்று. அந்த ஒரு தெருவில் மட்டும் 35 பேர் மாண்டார்கள். மாகாணம் முழுவதும் 81 பேர் பலியானார்கள்.

அதன்பின் ஒன்டாரியோ ஒரு முடிவுக்கு வந்தது. ஆற்றின் இடம் ஆற்றுக்கு! வெள்ளம் பாயும் நிலத்தில் வீடு கட்டக் கூடாது. கரையோர நிலங்களை வாங்கிப் பூங்காக்களாக மாற்றினார்கள். ஆற்றுப் பாதுகாப்பு ஆணையங்களுக்கு அதிகாரம் கொடுத்தார்கள்.

2024-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி டொரண்டோவில் சில மணி நேரத்தில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஓடும் பெரிய சாலை ஆறாக மாறியது. கார்கள் நடுவே சிக்கின. அடித்தள வீடுகளில் தண்ணீர் புகுந்தது. பூமி சூடாகச் சூடாகக் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கிறது. பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. இந்த நாளில் ஆற்றங்கரைப் பூங்காக்கள் வெறும் அலங்காரமல்ல. அவை நகரத்தின் வடிகால்.

பச்சை வளையம்

2005-ம் ஆண்டில் ஒன்டாரியோ இன்னும் ஒரு படி முன்னே போயிற்று. டொரண்டோவைச் சுற்றி விளைநிலமும் காடும் சதுப்பு நிலமும் சேர்ந்த சுமார் 20 லட்சம் ஏக்கரைப் "பச்சை வளையம்" என்று சட்டம் போட்டுக் காத்தது. அங்கே நகரம் பரவக் கூடாது. மழைநீரை உறிஞ்சவும், காய்கறி விளையவும், ஆறுகள் பிறக்கவும் அந்த இடம் வேண்டும் என்பது நோக்கம்.

2018-ம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்னால் ஒரு வீடியோப் படம் வெளியாயிற்று. பச்சை வளையத்தின் பெரும் பகுதியைக் கட்டிடங்களுக்குத் திறந்துவிடுவதாக டக் ஃபோர்டு பேசியது அதில் இருந்தது. எதிர்ப்பு எழுந்தது. உடனே அவர், "பச்சை வளையத்தைத் தொட மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார். தேர்தலில் வென்று முதல்-மந்திரி ஆனார். 2022 ஜூன் மாதம் மறுபடியும் வென்றார்.

ஐந்து மாதம் கழிந்தது. 2022 நவம்பரில், பச்சை வளையத்தில் 15 இடங்களில் 7,400 ஏக்கரை எடுத்துவிடப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. பதிலுக்கு வேறு இடத்தில் 9,400 ஏக்கரைச் சேர்ப்பதாகச் சொன்னது. 50 ஆயிரம் வீடுகள் கட்டத்தான் இந்த ஏற்பாடு என்றது. அதே சமயத்தில் வந்த வேறொரு சட்டம், கட்டிடத் திட்டங்கள் பற்றி ஆற்றுப் பாதுகாப்பு ஆணையங்கள் கருத்துச் சொல்லும் உரிமையையும் குறைத்தது.

வீடு கிடைக்காமல் ஜனங்கள் தவித்தது உண்மை. வாடகை கொடுத்து மாளாமல் குடும்பங்கள் திண்டாடின. ஆனால் வீட்டுப் பஞ்சத்துக்குக் காரணம் நிலம் இல்லாதது அல்ல என்று அரசாங்கம் அமைத்த குழுவே 2022 தொடக்கத்தில் கூறியிருந்தது.

எடுக்கப்பட்ட நிலங்களில் மிகப் பெரியது பிக்கரிங் பகுதியில் உள்ள டஃபின்ஸ் ரூஜ் விவசாயப் பாதுகாப்பு நிலம். அதை ஒட்டியே ரூஜ் தேசியப் பூங்கா இருக்கிறது. அந்தப் பூங்காவின் ஒரு பகுதி ஸ்கார்பரோவில் இருக்கிறது. ஸ்கார்பரோ, மார்க்கம், பிக்கரிங் வட்டாரத்தில் இலங்கையிலிருந்து போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அந்தக் குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. வாசலுக்கு அருகே நடந்த விஷயம்.

குட்டு உடைந்தது

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. விவசாயிகளும் நகரத்தாரும் ஒன்று சேர்ந்தார்கள். வீட்டு வாசல்களில் பலகை நட்டார்கள். ஊர்வலம் போனார்கள். பத்திரிகைகள் துருவித் துருவிக் கேட்டன.

2023 ஆகஸ்டு மாதம் மாகாணத்தின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் போனி லைசிக் அறிக்கை கொடுத்தார். நிலங்களைத் தேர்ந்தெடுத்த முறை சரியில்லை, சில கட்டிட முதலாளிகளுக்குச் சாதகமாக இருந்தது என்று அவர் எழுதினார். நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு 830 கோடி டாலருக்கு மேல் லாபம் கிடைக்கக்கூடும் என்று கணக்குக் காட்டினார். அதே மாதக் கடைசியில் சட்டசபையின் நேர்மைக் கண்காணிப்பாளரும் வீட்டு வசதி மந்திரி விதிகளை மீறினார் என்று கூறினார்.

செப்டம்பரில் அந்த மந்திரி ராஜினாமா செய்தார். செப்டம்பர் 21-ந் தேதி முதல்-மந்திரி ஃபோர்டு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நிலத்தைத் திருப்பிப் பச்சை வளையத்திலேயே சேர்ப்பதாக அறிவித்தார். ஆண்டு முடிவதற்குள் அதற்குச் சட்டமும் வந்தது.

ஒரு முதல்-மந்திரியை மன்னிப்புக் கேட்க வைத்தது எது? துப்பாக்கி அல்ல, கல்வீச்சு அல்ல. கணக்குப் பார்க்க ஓர் அதிகாரி இருந்தார். எழுதப் பத்திரிகை இருந்தது. மறக்காத ஜனங்கள் இருந்தார்கள். இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் எடுத்த நிலமும் திரும்பி வரும்.

இங்கே இன்னொரு சங்கதியையும் கவனிக்க வேண்டும். ஒன்டாரியோவில் சுற்றுச்சூழலுக்கென்றே தனிக் கண்காணிப்பாளர் ஒருவர் இருந்தார். அரசாங்கத்துக்குக் கட்டுப்படாமல் சட்டசபைக்கே அறிக்கை கொடுப்பவர். 2019-ல் அந்தத் தனிப் பதவியை அரசாங்கம் எடுத்துவிட்டது. அதன் வேலை கணக்குத் தணிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தது. காவல்காரர் ஒருவரைக் குறைத்தாலும் மிஞ்சியிருந்த காவல்காரரே கண்டுபிடித்தார். அவரும் இல்லாமல் போயிருந்தால்?

ஓட்டு இல்லாதவர்களின் வழக்கு

தேர்தலில் ஓட்டுப் போட முடியாதவர்களும் உண்டு. அவர்கள் குழந்தைகள். சூடாகும் உலகத்தில் அதிக காலம் வாழப் போகிறவர்களும் அவர்கள்தான்.

2018-ல் வந்த அரசாங்கம், புகைக்கு விலை வைத்த பழைய திட்டத்தை ரத்துச் செய்தது. 2030-ம் ஆண்டுக்குள் புகையை எவ்வளவு குறைப்பது என்ற இலக்கையும் தளர்த்தியது. 2019-ல் ஏழு இளைஞர்கள் மாகாண அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். "எங்கள் உயிருக்கும் பாதுகாப்புக்கும் உள்ள உரிமையை இது பறிக்கிறது" என்பது அவர்கள் வாதம். கீழ்க்கோர்ட்டில் 2023-ல் வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. 2024 அக்டோபரில் அப்பீல் கோர்ட்டு, வழக்கைத் திரும்ப விசாரிக்க வேண்டும் என்று தீர்ப்புக் கூறியது.

2023 ஜூன் மாதத்தில், காட்டுத் தீயின் புகை டொரண்டோ வானத்தை மூடியது. பிள்ளைகளை வெளியே விளையாட விடாமல் வைத்திருந்தார்கள். நிலக்கரிப் புகையை விரட்டிய மாகாணத்துக்குக் காட்டுப் புகை வந்து சேர்ந்தது! முன்னதை ஒரு மாகாணம் தன் ஓட்டால் நிறுத்த முடிந்தது. பின்னதை ஒரு மாகாணம் தனியாக நிறுத்த முடியாது. ஆனால் ஒவ்வொரு மாகாணமும் "என் ஒருவனால் என்ன ஆகும்?" என்று கையைக் கட்டிக்கொண்டால் யாராலும் நிறுத்த முடியாது.

பேசாத விஷயம் போய்விடுவதில்லை

2025 பிப்ரவரி 27-ந் தேதி ஒன்டாரியோவில் மீண்டும் தேர்தல் நடந்தது. உரிய காலத்துக்கு ஓர் ஆண்டுக்கு மேல் முன்னதாகவே வந்த தேர்தல் அது. அமெரிக்கா விதிக்கப் போகும் சுங்க வரி பற்றியே எங்கும் பேச்சு. வேலை போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. தண்ணீர், காற்று, மண் பற்றிய பேச்சு பின்னால் போயிற்று. ஃபோர்டின் கட்சி மூன்றாம் முறையாகப் பெரும்பான்மை பெற்றது.

தேர்தல் முடிந்து சுமார் மூன்று மாதத்தில், ஜூன் தொடக்கத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. சில இடங்களைத் தனிப் பொருளாதார வட்டாரம் என்று அறிவித்து, அங்கே மாகாணச் சட்டங்களிலிருந்து விலக்குக் கொடுக்க மந்திரி சபைக்கு அது அதிகாரம் அளித்தது. அழியும் உயிரினங்களைக் காத்து வந்த சட்டத்தையும் தளர்த்தியது. வேலையும் தொழிலும் வளர இது தேவை என்றது அரசாங்கம். தங்களைக் கலக்காமல் தங்கள் மண்ணைப் பற்றி முடிவு செய்வதா என்று பூர்வகுடி மக்கள் எதிர்த்தார்கள்.

தேர்தலில் பேசாததால் ஒரு விஷயம் மறைந்து போவதில்லை. தேர்தல் முடிந்ததும் அது சட்டமாக வந்து நிற்கிறது. அப்போது கேட்பதற்கு வாய் இருக்கும்; கையில் சீட்டு இருக்காது.

கேட்க வேண்டிய நாலு கேள்வி

2022-ம் ஆண்டுத் தேர்தலில் நூறு வாக்காளருக்குச் சுமார் 44 பேரே ஓட்டுப் போட்டார்கள். 2025-ல் சுமார் 45 பேர். பாதிக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். "எந்தக் கட்சி வந்தால் என்ன?" என்று சலித்துக்கொண்டவர்கள் அவர்களில் இருப்பார்கள்.

எந்தக் கட்சி என்பது அவரவர் விருப்பம். ஆனால் வாசலுக்கு வந்து கும்பிடும் வேட்பாளரிடம் நாலு கேள்வி கேட்க எந்தக் கட்சியிலும் சேர வேண்டியதில்லை.

தண்ணீரையும் காற்றையும் சோதிக்க எத்தனை பேரை வைப்பீர்கள்? செலவைக் குறைத்தால் அவர்களைக் குறைப்பீர்களா?

எந்த நிலத்தைத் தொட மாட்டீர்கள்? அதைச் சட்டத்தில் எழுதுவீர்களா?

எதை, எந்தத் தேதிக்குள் செய்து முடிப்பீர்கள்?

அதன் செலவு யார் தலையில் விழும்?

இந்த நாலு கேள்விக்கும் சுற்றி வளைக்காமல் பதில் சொல்பவர் வேட்பாளர். "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சிரித்துவிட்டுப் போகிறவர் எதையும் பார்க்க மாட்டார்.

ஓட்டுப் போட்டதோடு கடமை முடிவதும் இல்லை. விதை போட்டவன் வீட்டில் தூங்கினால் பயிரை ஆடு மேயும். ஓட்டுப் போட்ட மறுநாளே காவல் ஆரம்பமாகிறது. நிலக்கரியை நிறுத்த 11 ஆண்டுக் காவல் வேண்டியிருந்தது. பச்சை வளையத்தை மீட்க 10 மாதக் காவல் போதுமாயிருந்தது. வாக்கர்ட்டனில் காவல் இல்லாத சில நாட்களே ஏழு பேரைக் கொண்டுபோக வல்லவையாக இருந்தன.

தாய் குழாயைத் திறக்கிறாள். தண்ணீர் கொட்டுகிறது. யாரோ ஒருவர் அதைச் சோதித்திருப்பார் என்று நம்பிக் குழந்தைக்குக் கொடுக்கிறாள். அந்த ஒருவர் வேலையில் இருக்கிறாரா என்று கேட்கும் உரிமை, அவள் கையில் இருக்கும் ஓட்டுச் சீட்டில் இருக்கிறது.